மகளுக்காகத் திரையில் காத்திருந்தவர்

போன ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபத்தைந்துக்கு, எங்கள் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், நனைந்தபடி படியேறி வந்தார். வாசலில் நின்று, "டீச்சர், மகள் வீட்டுலயா ஈக்கிற?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எல்லாம் குழம்பத் தொடங்கியது.

எங்கள் வீடு கடுகண்ணாவையில், பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் மேலே. நான் கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் வேலை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து போவார். இங்கே நானும் மகளும்தான். அவள் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். வௌவால்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் வாங்கியவள். இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். புசல்லாவையில் இருக்கும் என் நாத்தனார், "டொக்டர் பட்டம்னு சொன்னீங்களே அண்ணி, வௌவாலுக்கா வைத்தியம் பாக்குறா?" என்று கேட்டார். கேலியா உண்மையான சந்தேகமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கு அவளுக்கு ஒரு நேர்முகம் இருந்தது. அதற்காகவே நான் பாடசாலைக்கு லீவு போட்டிருந்தேன். ஐரோப்பாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகம், வெளிநாட்டு ஆய்வாளர்களை ஒரு வருடம் அழைத்துக்கொள்கிறது. ஒரு பாடம் கற்பிக்க வேண்டும். மிச்ச நேரத்தில் சொந்த ஆராய்ச்சி. தங்க இடமும் செலவுக்குப் பணமும் அவர்களே கொடுப்பார்கள். இரண்டு முறை விண்ணப்பித்து அவளுக்குக் கிடைக்கவில்லை. பட்டம் பெற்றுக் குறிப்பிட்ட காலத்துக்குள்தான் கேட்க முடியும் என்பதால் இதுதான் கடைசி வாய்ப்பு. தேர்வுக் குழு ஒன்லைனில் வரும். அவர்கள் முன்னால் ஒரு மாதிரி விரிவுரை நடத்திக் காட்ட வேண்டும்.

எனக்கு அவளை அனுப்ப முழு மனது இல்லை. தெரியாத ஊர், தெரியாத மனிதர்கள், பனி. "அங்க உனக்குன்னு யாரு இருக்கா?" என்று அடிக்கடி கேட்பேன். "நான் என்ன நேர்சரிப் பிள்ளையாம்மா?" என்று சிரிப்பாள்.

ரயில் பாதைக்கு மேலே, இப்போது யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய சுரங்கவழி இருக்கிறது. அதற்குள் நிறைய வௌவால்கள். அவை போடும் சத்தம் நம் காதுக்கு எட்டாது. அதைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, நாம் கேட்கும்படி ஆக்குவதற்கு அவளிடம் ஒரு சின்ன இயந்திரம் உண்டு. விரிவுரையில் போட்டுக்காட்டுவதற்காக முதல் நாள் மாலை அதை அங்கே வைத்துவிட்டு வந்திருந்தாள். இரவு முழுக்க மழை கொட்டியதும் பயந்துபோய், விடிந்தும் விடியாமல் எடுக்கக் கிளம்பினாள். "எட்டு மணிக்குள்ள வந்துருவேன்மா, தோசைய ஆற வச்சிராதீங்க" என்றாள்.

எட்டு தாண்டியும், மழைக்கு எங்காவது ஒதுங்கியிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். நானாவிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அந்தப் பக்கம்தான் டீச்சர் மண் சரிஞ்சீக்காம். கோச்சி எல்லாம் நிப்பாட்டீக்காம்." ரயிலையே நிறுத்தும் அளவுக்கென்றால் சின்னச் சரிவாக இருக்காது.

கைத்தொலைபேசியில் அழைத்தேன். தொடர்புகொள்ள முடியாது என்பதைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். திரும்பத் திரும்ப அழைத்தேன். மூன்று மொழியிலும் அதே பதில்தான்.

குடையைக்கூட எடுக்காமல் செருப்பை மாட்டினேன். நானா வழியை மறித்துக்கொண்டார். "நீங்க எங்க போறீங்க? பொறகு உங்களையும் சேர்த்துத் தேடணும். புள்ள வேற பாதையால வந்தா கதவு தொறக்க வீட்டுல ஒராள் வேணும். நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

"நானா, அவளுக்கு ஏதாச்சும்…"

"சும்மா இரிங்க டீச்சர். இருட்டுக்குள்ள வௌவாலோட குடித்தனம் நடத்துற புள்ள. மழைக்கா பயப்படப் போகுது?" என்று சொல்லிவிட்டு, கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டுத் தன் முச்சக்கரவண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு இருந்த நேரத்தை எப்படிச் சொல்வது? பொலிசுக்கு அழைத்தேன், ஆட்கள் போயிருக்கிறார்கள் என்றார்கள். கணவருக்கு அழைத்தேன். "பதறாத, நான் பஸ் எடுத்து வர்றேன்" என்றவரின் குரல்தான் என் குரலைவிட அதிகமாக நடுங்கியது. நானாவின் தொலைபேசியும் மலைக்குள் போன பிறகு எடுபடவில்லை. முன்கதவுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். தோசை காய்ந்துபோய்க் கிடந்தது. அதை எடுத்துக் கொட்டவும் எனக்குக் கை வரவில்லை.

இரண்டு மணிக்குச் சற்று முன்னால் அவள் அறையில் மணி அடிப்பது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். மடிக்கணினி. நேர்முகத்துக்கான நினைவூட்டல். முதல் நாளே எல்லாவற்றையும் தயார் செய்து வைத்திருந்தாள். பின்னால் என்னுடைய வெள்ளைப் பருத்திச் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தாள். கணினியை முகத்துக்கு நேராக உயர்த்த என் பாடப் புத்தகங்கள் நான்கைந்தை அடியில் அடுக்கியிருந்தாள்.

அந்தக் கதிரையின் முன்னால் நின்றேன். யாரும் வராவிட்டால் வரவில்லை என்று முடித்துவிடுவார்கள். பிள்ளை எங்கே என்று தெரியாத நேரத்தில் நேர்முகமாவது மண்ணாங்கட்டியாவது என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் அப்படி விட்டுவிட்டால், அவள் இனி வரமாட்டாள் என்று நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று தோன்றியது. அவள் வந்து கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வேண்டும். கொரோனாக் காலத்தில் பிள்ளைகளுக்கு இப்படித்தான் வகுப்பு எடுத்தேன். ஆகவே எந்தப் பொத்தான் என்று தெரியும். உட்கார்ந்து அழுத்தினேன்.

மூன்று பேர் தெரிந்தார்கள். நடுவில் குட்டையாக வெட்டிய வெள்ளை முடியுடன் ஒரு பெண்மணி. அவர்தான் தலைமைப் பேராசிரியை. இரு பக்கமும் இரண்டு ஆண்கள். மூன்று பேரும் புன்னகைத்தார்கள். அப்புறம் என் வயதைக் கண்டு திகைத்தார்கள்.

எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். பேசத்தான் வராது. மனதுக்குள் கட்டி வைத்த வசனங்கள் எல்லாம் அந்த மூன்று முகங்களைப் பார்த்ததும் கலைந்துபோயின. நான் அவளுடைய அம்மா என்றேன். மழை என்றேன். மலை சரிந்தது, சுரங்கவழி, காலையிலேயே, என்றேன். அவள் வெளியே போயிருக்கிறாள் என்று சொல்ல நினைத்துத்தான் அடுத்ததைச் சொன்னேன்.

"ஷீ இஸ் கோன்."

நம் வீடுகளில் கடைக்குப் போகிறவர்கூடப் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போகமாட்டார். போயிட்டு வர்றேன் என்பார். வெளியே கிளம்பியவரைப் பற்றி 'போயிட்டா' என்று வெறுமனே முடித்தால், வாயைக் கழுவு என்பார்கள். தமிழில் நாக்கு தானாகவே அந்தச் சொல்லுக்கு முன்னால் நின்றுவிடும். ஆங்கிலத்தில் எனக்கு அந்தக் காவல் இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

பேராசிரியை இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர் தலையைக் குனிந்தார். பிறகு அந்த அம்மா மெல்ல, உங்கள் இழப்புக்காக மிகவும் வருந்துகிறோம் என்றார்.

காலையிலிருந்து வீட்டுக்குள் வரவிடாமல் நான் பிடித்து வைத்திருந்த சொல் அது. அது அவ்வளவு தூரத்திலிருந்து, அவ்வளவு மரியாதையோடு வந்து என் முன்னால் நின்றது.

"நோ! நோ மேடம்!" என்று கத்தினேன். "கோ அண்ட் கம்! ஷீ வில் கோ அண்ட் கம்!"

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எழுந்து கையை வாசல் பக்கம் நீட்டி, மறுபடி என் பக்கம் இழுத்து, போவதையும் வருவதையும் நடித்துக் காட்டினேன். அடுக்கி வைத்த புத்தகங்கள் சரிந்து கணினி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த திரையில் பேராசிரியையும் தன் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். அவள் போயிருக்கிறாள். இன்னும் திரும்பவில்லை. அப்படித்தானே?

"எஸ் மேடம்," என்றேன். "நொட் யெட்."

மூவரும் தங்கள் மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். இரண்டு ஆண்களும் எழுந்து எனக்குத் தலை தாழ்த்திவிட்டுப் போனார்கள். அவர்கள் வேறு அறையில் அடுத்தவரைப் பார்ப்பார்கள், உங்கள் மகளின் முறை அப்படியே இருக்கிறது, அவள் வந்ததும் பார்க்கலாம் என்று பேராசிரியை விளக்கினார். நான் நன்றி சொல்லி இணைப்பைத் துண்டிக்கப் போனேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். உங்களோடு வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்படியென்றால் நான் இருக்கிறேன்" என்றார்.

இருந்தார். எங்களுக்குள் பேச அதிகம் இல்லை. என் ஆங்கிலத்துக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. கோப்பி கொண்டுவந்தார். தன் கோப்பையைத் தூக்கிக் காட்டி, நீங்களும் ஏதாவது குடியுங்கள் என்று சைகை செய்தார். போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தேன். அது என்ன சத்தம் என்று கேட்டார். எங்கள் தகரக் கூரையில் விழும் மழை என்றேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடி அதைக் கேட்டார். தன் மகன் மலை ஏறுகிறவன் என்றும், ஒருமுறை இரண்டு நாள் அவனிடமிருந்து செய்தியே இல்லை என்றும், மூன்றாம் நாள் வந்து சூப்பில் உப்பு இல்லை என்று குறை சொன்னான் என்றும் சொன்னார். நான் நாத்தனாரின் வௌவால் வைத்தியக் கதையை எப்படியோ ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். கோப்பி சிந்தும் அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த வாயோடேயே அழுகை வந்துவிட்டது. அழாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நான் நிறுத்தும்வரை அப்படியே பார்த்துக்கொண்டு இருந்தார்.

நான் கொடுத்து வைத்தவள் என்றுதான் சொல்ல வேண்டும். கீழே முச்சக்கரவண்டியின் சத்தம் கேட்டது. அதற்கு மேல் நானாவின் குரல்.

"டீச்சர்! பார்சல் ஒன்டு கொணந்தீக்கேன்! கொஞ்சம் சேறு ஈக்கி, கழுவி எடுங்க!"

கதிரையைத் திருப்பி வாசலைப் பார்த்தேன். இயந்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் திரும்பும்போது வந்த பாதை சரிந்திருக்கிறது. மறுபக்கமாக இறங்கி, வழியில் பெருக்கெடுத்த ஓடை வடியும் வரை ரயில்வேக்காரர்களோடு ஒரு வீட்டில் ஒதுங்கியிருக்கிறாள். தொலைபேசி தண்ணீரில் போய்விட்டது. நானா சுற்றுப்பாதையில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போய்க் கண்டுபிடித்திருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தவை. அப்போது எனக்குத் தெரிந்தது படியில் ஏறிவரும் காலடிச் சத்தம் மட்டும்தான்.

அறை வாசலில் வந்து நின்றாள். தலையிலிருந்து கால்வரை செம்மண். காலில் அட்டை கடித்த இரத்தம். சட்டைக்குள் அந்த இயந்திரத்தைக் கைக்குழந்தை போல அணைத்து வைத்திருந்தாள். கதிரையில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்தாள். சாய்ந்து கிடக்கும் கணினியைப் பார்த்தாள். அதற்குள் கோப்பியோடு இருக்கும் வெள்ளைமுடிப் பெண்மணியைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள், "யாரோட பேசிக்கிட்டு இருக்கீங்க?"

பேராசிரியைக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என்ன கேட்டாள் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். குளித்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அவசரமே இல்லை, உங்கள் அம்மாவும் நானும் உங்களுக்காகத்தான் காத்திருந்தோம் என்றார்.

மாலையில், கணவரும் வந்து சேர்ந்த பிறகு, விரிவுரை நடந்தது; அந்த இடமும் அவளுக்குக் கிடைத்தது. மழை இரைந்தால் இப்போதும் வாசலுக்குப் போய் எட்டிப் பார்க்கிறேன். அவள் போகப்போவது இன்னமும் நான் கண்ணால் காணாத ஊர்தான். ஆனால் அங்கே எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பில்தான் அவளுடைய பெட்டிக்குத் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன்.