நிழலில் கிடந்த சோலார் தகடும் மஞ்சக்குட்டைக் காப்பியும்

காப்பி பூக்கும் பருவத்தில் ஏற்காடு போக வேண்டும் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் தட்டச்சு செய்கிறாள்.

போன மாசியில் நான் போனது பூவைப் பார்க்க அல்ல. அங்கே மஞ்சக்குட்டையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் பழைய சிநேகிதன் வெள்ளையன் டீசல் எஞ்சினை விற்றுவிட்டு சோலார் பம்பு போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இளவயதில் அந்த மலைக்கு டீசல் பீப்பாய் ஏற்றிப் போகும் லாரியில் நான் சுமை இறக்கும் ஆள். பீப்பாயே வேண்டாத தோட்டம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட ஆசை.

சேலத்தில் காலை ஆறு மணிக்கு பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவு. டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள்தான். வயிறு புரட்டுகிறவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். காலையில் இட்லிக்கு மேல் எதுவும் வேண்டாம். ஏற்காட்டில் இறங்கி ஷேர் ஜீப் பிடித்தேன். வழியெல்லாம் ஓட்டு வீட்டின் மேலும் கடையின் மேலும் சோலார் தகடு மின்னியது. ஜீப் டிரைவரிடம், "உம்ம வண்டியும் பேட்டரிக்கு மாறிடுமா?" என்று கேட்டேன்.

"மாறட்டுமுங்க. கரும்புகை குடிச்சே எனக்குப் பாதி ஆயுசு போச்சு. ஆனா இந்தப் பள்ளத்துல விடாம ஓட்டறதுக்கு நாந்தானுங்க வரோணும்!" என்றார்.

வெள்ளையன் வீட்டில் வரவேற்பு இருந்தது, சிரிப்பு இல்லை. காப்பிச் செடியில் மொட்டு பச்சைத் தினை மாதிரி நின்றது. மாசியில் ஒரு மழை பெய்தால்தான் அது பூவாக விரியும். மழை இல்லையென்றால் ஸ்பிரிங்க்ளரில் மழை மாதிரித் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் மொட்டு கருகி உதிர்ந்துவிடும். அடுத்த அறுவடை அத்தோடு போயிற்று. மழை வரவில்லை. சோலார் பம்போ ஸ்பிரிங்க்ளரைச் சுழற்றும் அளவுக்குத் தள்ளாமல், வாய் கொப்பளிப்பது போல் துப்பிக்கொண்டிருந்தது.

காரணம் நிமிர்ந்து பார்த்ததும் தெரிந்தது. தகடுகள் கிணற்றோரம் காப்பிக்கு நடுவே நின்றன. மேலே காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள். இங்கே ஆடி மழைக்கு முன் நிழல் மரத்தின் கிளையைக் கழித்துவிடுவார்கள். தகடு பொருத்த ஆள் வந்தது அப்போதுதான். வானம் திறந்து கிடந்திருக்கிறது. வந்தவர்களும் வெள்ளையனும் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். மாசிக்குள் கிளை தழைத்துத் தகட்டை மூடிவிட்டது. இப்போது கழித்தால் கோடை வெயிலில் கீழே இருக்கும் காப்பி தீய்ந்துபோகும்.

"தகட்டுக்கு மேல நிக்கற மூணு மரத்தை மட்டும் அடியோட வெட்டறதுக்கு நாளைக்கு ஆள் வருதுங்கண்ணா. வேற வழியில்லீங்க" என்றான் வெள்ளையன்.

அவன் மனைவி பாப்பாத்தி களத்தில் கடைசிக் காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று மரத்திலும் ஏறியிருக்கும் மிளகுக்கொடி அவள் நட்டது.

"கேட்டுக்கங்கண்ணா. மரத்தை வெட்டறதுக்கு முன்னால என்னை வெட்டச் சொல்லுங்க! இங்க வெயிலு மண்டையைப் பொளக்குது. அங்க அந்தத் தகடு மாப்பிள்ளையாட்ட நெழல்ல படுத்துக் கெடக்குது."

"அப்ப தகட்டைக் களத்துல வெச்சிட்டு, கொட்டையை உந்தலை மேலயா காயப் போடறது?" என்றான் அவன்.

"உங்க வழுக்கை மேல போடலாம். சீக்கிரம் காயும்."

எனக்குச் சிரிப்போடு ஒரு பழைய ஞாபகமும் வந்தது. இதே களத்தில் வெள்ளையனின் அப்பா என்னையும் டிரைவரையும் பார்த்துக் கத்துவார். தெற்கு ஓரம் லாரியை நிறுத்தினால், "நெழல் கொட்டை மேல விழுகுது, வண்டியை எடுங்கடா!" என்பார். வடக்கு ஓரம் நிறுத்தினால் நாள் முழுக்க ஒரு வார்த்தை திட்டமாட்டார். தை, மாசியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நிழல் பின்னால் இருக்கும் புதருக்குப் போய்விடும். இதை வெள்ளையனிடம் சொன்னேன். அவன் எழுந்துபோய் ஓர் ஏணியை வடக்கு ஓரத்தில் நிறுத்திவைத்தான். நாங்கள் மூவரும் சாயந்திரம்வரை அதன் நிழலையே பார்த்துக்கொண்டு காப்பி குடித்தோம். கொட்டை மேல் ஒரு விரல் நிழல்கூட விழவில்லை.

"எங்கப்பன் செத்தும் என்னைத் திட்டறாருங்கண்ணா" என்றான்.

மறுநாள் மரம் வெட்ட வந்தவரை பாப்பாத்தி திருப்பி அனுப்பவில்லை. தகடு தூக்க வைத்துக்கொண்டாள். ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர் வந்து பார்த்து, களத்திலிருந்து கிணறு எட்டும் தூரம்தான், கொஞ்சம் கனமான கேபிள் போட்டால் போதும் என்றார். மதியத்துக்குள் களத்தின் வடக்கு ஓரத்தில் தகடு ஏறியது. பம்பு ஓடுகிறதா என்று எனக்குச் சந்தேகம். என் காதுக்கு டீசல் எஞ்சினின் படபட சத்தம் வேண்டுமே. அதற்குள் ஸ்பிரிங்க்ளர் சுழன்று என் சட்டையை நனைத்துவிட்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மஞ்சக்குட்டைப் பக்கம் சாயந்திரத்தில் வண்டி குறைவு; திரும்பும் நேரத்தை ஜீப்காரரிடம் காலையிலேயே கேட்டுவையுங்கள். குப்பனூர் வழியாகவும் இறங்கலாம், கூட்டம் கொஞ்சம் குறைவு. என்னைப் போலப் பலகை படிக்கத் தெரியாதவர்கள் கண்டக்டரிடம் கேளுங்கள், வெட்கம் வேண்டாம். மலையில் சோலார் போட நினைப்பவர்கள் கிளை கழித்த மாதத்தில் இடம் பார்க்காதீர்கள். தண்ணீர் தேவைப்படும் மாதத்தில் பாருங்கள். எஞ்சினை விற்றது தப்பு என்று வெள்ளையன் ஒருதரம்கூடச் சொல்லவில்லை. தகட்டை எங்கே நிறுத்துவது என்பதுதான் பிடிபடாமல் இருந்தது. அது பிடிபட்டுவிடும்.

ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து பாப்பாத்தி போன் செய்தாள்.

"அண்ணா, தோட்டமே வெள்ளை வெளேருன்னு நிக்குதுங்க. ஊடு பூரா மல்லிப்பூ வாசம், நொம்ப நேரம் உள்ள இருந்தா தலை சுத்துது. நீங்க பூவைப் பாக்காமயே போயிட்டீங்களே, வாங்க."

மறுநாளே ஆறு மணி பஸ்ஸைத் தவறவிட்டு, ஏழு மணி பஸ்ஸில் போனேன்.