முதல் காய்

மலைநாட்டுப் பண்டாரவளையில் கடை வைத்திருந்த காலத்தில் ருசித்த பட்டாணிக்காய்க் கறியை, தோலோடு அப்படியே சமைப்பதை, படுக்கையில் விழுந்த பிறகும் கதிர்காமு கேட்டுக்கொண்டேயிருந்தார். எழுவைதீவு வீட்டுக் கிணறு உப்பு. குடிதண்ணீரில் பாதியை ஊற்றித்தான் மனைவி மீனலோசனி பட்டாணிக் கொடியை வளர்த்தாள். மார்கழிக் குளிரில் காய்த்தது.

“இண்டைக்காவது கறி வையுமன்.”

“முதல் காய் நயினாதீவு அம்மாளுக்கு. அதுக்கு முதல் நாங்கள் தின்னேலாது. கடல் அடங்கட்டும், வள்ளத்திலை கோயிலுக்குக் கொண்டுபோவம்.”

சாமியோடு சண்டை பிடிக்க முடியாமல் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடல் அடங்கவில்லை, வள்ளம் ஓடவில்லை. காய்கள் கொடியிலேயே முற்றி நாராகின. கறி கேட்பதை அவர் நிறுத்திவிட்டார்.

கடைசியில் கடல் அடங்கியது. முதல் வள்ளத்தில் அவருடைய செத்தவீட்டுக்குச் சனம் வந்து இறங்கியது.