ஆடு தொலைஞ்ச படம்

சங்கரன்கோவில்ல உலக சினிமாக் கிறுக்கு பிடிச்சவங்க மூணு பேரு. நான், மெடிக்கல் ஸ்டோர் வச்சிருக்க என் சேக்காளி, பூ மார்க்கெட்ல கமிஷன் கடை போட்டிருக்க இன்னொரு சேக்காளி. இதுல நெசமாவே படம் பாத்தது நான் ஒருத்தன்தான்ங்கது ரொம்ப நாளா எனக்குத் தெரியாது.

எனக்கு எலக்ட்ரிக்கல் கடை. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வெயிலுக்குப் பயந்து ஒரு ஈ காக்கா வராது. அப்பதான் கம்ப்யூட்டர்ல படம் ஓடும். நல்ல படமா அமைஞ்சிட்டா, இதை யாருகிட்டயாவது சொல்லணுமேன்னு மனசு கிடந்து அடிச்சுக்கிடும். பென் டிரைவ்ல ஏத்தி ரெண்டு பேருக்கும் கொடுப்பேன். ரெண்டு பேரும் கேக்கது ஒரே கேள்விதான்: "குடும்பத்தோட பாக்கலாமாவே?" அதுக்காகவே முத்தம் வாற நிமிஷத்தை எல்லாம் துண்டுச் சீட்டுல குறிச்சுக் கொடுத்திருக்கேன். மறுநாள் டீக்கடையில "எப்படிவே இருந்துச்சு?"ன்னு கேட்டா, "மிரட்டிட்டான்வே"ன்னு சொல்லிட்டு வடையை எடுப்பானுவ.

ஒரு நாள் சந்தேகம் வந்துட்டு. ஊரு பூரா பனி கொட்டுத ஒரு படத்தைக் கொடுத்துட்டு, "அந்த யானை வாற சீன் எப்படி?"ன்னு கேட்டேன். படத்துல யானையே கிடையாது. கமிஷன் கடைக்காரன் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு, "அந்த எடத்துலதான்வே எனக்குக் கண்ணு கலங்கிட்டு"ன்னான். மெடிக்கல்காரன் சும்மா இருந்திருக்கலாம். "என்னா நடிப்புவே அது!"ன்னான். எனக்கு வந்த ஆத்திரத்துல ரெண்டு பேரையும் வாயில வந்தபடி ஏசிட்டு, பாதி டீயோட எந்திச்சு வந்துட்டேன்.

பாராட்டா கேட்டேன் நான்? நான் ரசிச்ச ஒரு படத்தை இந்த ஊருல இன்னொரு ஜீவன் முழுசா பாக்கணும். அவ்வளவுதான் ஆசை. அதுக்குக்கூட வழி இல்லன்னா இது என்ன ஊரு!

அந்த சமயத்துலதான் மெடிக்கல்காரன் பூ மார்க்கெட் வாசல்ல ஈர வாழைநாருல வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டான். மாவுக்கட்டு, நாப்பது நாளு படுக்கை. எல்லாரும் ஆப்பிள், ஆரஞ்சு வாங்கிட்டுப் போனாங்க. நான் பென் டிரைவைக் கொண்டு போனேன். எனக்குக் கொள்ளை சந்தோசம். அவன் கால் ஒடிஞ்சதுக்கு இல்ல. இனிமே எந்திச்சு ஓட முடியாதுல்லா!

என் உசுரான படம் அது. மலைநாட்டுல ஒரு பெரியவரு, தொலைஞ்சுபோன ஒத்தை ஆட்டைத் தேடி அலையுதாரு. கடைசியில பனிமூட்டத்துக்குள்ள ஒரு மணிச்சத்தம் கேக்கும். அவரு அப்படியே நின்னுருவாரு. படம் முடிஞ்சிரும். நாலு தடவை பாத்து நாலு தடவையும் அழுதிருக்கேன்.

டிவியில சொருகி விட்டேன். அவன் வீட்டுக்காரி காபி கொண்டு வந்துச்சு. முடிவை முன்கூட்டியே சொல்லக்கூடாதுன்னு எனக்குத் தெரியாம இல்ல. இவங்களுக்கு விளங்காமப் போயிருமேன்னு பயம். "அது நெசமான மணி இல்லம்மா. அவரு மனசுக்குள்ள கேக்க மணி. ஆடு செத்துப்போச்சு. அதைத்தான் பூடகமா சொல்லுதான்"னு அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தேன். நாலு தடவை பாத்து நாலு தடவையும் அழுததையும் சொன்னேன். அந்தத் தங்கச்சி டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டு.

மூணாம் நாள் போனேன்.

"எப்படிவே?"

"மிரட்டிட்டான்வே."

"எதுவரைக்கும் பாத்தீரு?"

"பேரு போடுத வரைக்கும்."

"முன்னால போடுத பேரா, பின்னால போடுத பேரா?"

மாத்திரை போட்டா தூக்கம் வருதுன்னு மாவுக்கட்டைக் காட்டுதான். கட்டு மட்டும் இல்லன்னா அன்னைக்கே நான் ஒடிச்சிருப்பேன்.

பென் டிரைவைப் பிடுங்கிட்டுக் கிளம்பப் போனவனை, "நான் முழுசாப் பாத்தேன்ண்ணே, ரெண்டு தடவை"ன்னு ஒரு குரல் நிப்பாட்டிச்சு. அவன் வீட்டுக்காரிதான். கரிவலம்வந்தநல்லூர் பக்கம், ஆடு வளக்க குடும்பத்துல பொறந்த பிள்ளை. பத்து வருசமா இந்த வீட்டுக்குப் படம் கொண்டு வாரேன். நீ பாத்தியாம்மான்னு ஒரு நாள் கேட்டதில்ல நான். மடையன்.

"ஆனா நீங்க சொன்னது தப்புண்ணே. ஆடு சாகல."

"இல்லம்மா, அந்த மணி வந்து ஒரு குறியீடு…"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. மேயுத ஆட்டுக்கு மணி விட்டு விட்டுத்தான் கேக்கும். இது விடாம கேக்கு. கிட்ட கிட்ட வேற வருது. ஆளு வாசம் தெரிஞ்சு ஓடியாற ஆடுதான் அப்படி வரும். அதான் அவரு அசையாம நிக்காரு. நாம எட்டு வச்சா அது மிரளும்லா?"

சொல்லிட்டு, பென் டிரைவை என் கையில இருந்து வாங்கிச் சொருகி, கடைசி சீனை ஓட்டிப் போட்டுச்சு. கண்ணை மூடிட்டுக் கேளுங்கன்னுச்சு. மூடிட்டுக் கேட்டேன். ஓடித்தான் வருது. ஐயோ, ஓடியே வருது!

கண்ணைத் திறந்தா, அந்தத் தங்கச்சி என்னை ரொம்பப் பாவமாப் பாத்துக்கிட்டு நிக்கு.

"ஆடு கிடைச்சிட்டுண்ணே. இது தெரியாமலா நாலு தடவையும் அழுதீங்க?"