பேகுனிக் கடைப் பிசு

கடுகெண்ணெய் நன்றாகக் காய்ந்து புகை கிளம்பும்போது ஒரு நெடி வரும். கண்ணைக் கரித்துத் தொண்டைக்குள் இறங்கி, இருமி முடிப்பதற்குள் நாவில் எச்சில் ஊறவைத்துவிடும் அந்த நெடிதான் எனக்குக் கல்கத்தா. எழுபதுகளின் தொடக்கத்தில், பாலிகஞ்ச் ரயில் நிலையத்துக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த சந்தில், நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்குச் சரியாக அது தெருமுனையிலிருந்து எதிர்கொண்டு வரும். அதனோடு இன்னொரு நெடியும் அந்த வருடங்களில் கலந்திருந்தது. "பேட்டோ" என்று பையன்கள் ஏதோ விளையாட்டுச் சாமானைச் சொல்வதுபோலச் சொன்ன நாட்டு வெடிகுண்டின் கந்தக நெடி. கட்சிக்காரர்கள் தெருவுக்குத் தெரு மோதிக்கொண்ட காலம் அது.

தெருமுனையில் தகரக் கூரை போட்ட பலகாரக் கடை பிசுவின் அம்மாவுடையது. கணவரை இழந்த அந்தப் பெண்மணி பெரிய அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து கத்தரிக்காயை நீளவாக்கில் இலைபோலச் சீவித் தள்ள, பதினெட்டு வயது மகன் பிசு அவற்றைக் கடலைமாவில் தோய்த்து எண்ணெயில் விடுவான். அதுதான் "பேகுனி". பழைய செய்தித்தாளைச் சுருட்டிய "டோங்கா"வில் ஒரு பிடி பொரியைப் போட்டு, மேலே இரண்டு பேகுனியும் ஒரு பச்சைமிளகாயும் வைத்துக் கொடுத்தால், சந்தில் ஏழை பணக்காரர் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் சாயங்காலம் கழிந்துவிடும், எங்கள் வீட்டாரைத் தவிர.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக்காரர்கள். அப்பா வங்கியில் அதிகாரி. ஒரு பழைய வீட்டின் மாடியில், அம்மாவின் சட்டத்துக்குக் கீழ் வாழ்ந்தோம். அந்தச் சட்டப்படி வீட்டுக்கு வெளியே வெந்த எதுவும் "தெருத்தீனி". நானும் தம்பி சங்கரனும் கெஞ்சினால், "அது போன வருசத்து எண்ணெய்ளா. இன்னைக்குள்ள கத்தரிக்காய, போன வருசத்து வெங்காயத்தோட சேத்துத் திங்கணுமா?" என்பாள். அப்பா அலுவலகம் விட்டு வரும்போது கடை வாசலில் நின்று தின்றுவிட்டு, மீசையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு மாடியேறுவார் என்பது எங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.

கீழ்வீட்டுக்காரர்கள் வங்காளிகள்; வீட்டுச் சொந்தக்காரர்களும் அவர்கள்தான். அந்த வீட்டு அம்மாளை நாங்கள் "காக்கிமா", அதாவது சித்தி, என்போம். காலையில் முற்றத்துக் குழாயடியில் நின்று மேலே பார்த்து, "கோமுவின் மா, ஆஜ் கீ ராந்நா?" என்று கேட்பார். கோமு நான்; கோமுவின் அம்மாவே, இன்றைக்கு என்ன சமையல் என்பது அதற்குப் பொருள். அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, பாதி வங்காளமும் பாதித் தமிழுமாக, சொதி வைக்கப்போவதையோ புளிக்குழம்பு வைக்கப்போவதையோ சொல்வாள். அவர் பூசணிப்பூ பஜ்ஜியைப் பற்றிச் சொல்வார். ஒருநாள் காலையில் குழாய்க்கு அந்தப்புறம், சந்து வளையும் இடத்தில், ஓர் இளைஞன் குப்புறச் செத்துக் கிடந்தான். பால்காரர் தம்முடைய சாக்கை எடுத்து அவன்மேல் போட்டுவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கும் இருவரும் பூசணிப்பூவைப் பற்றித்தான் பேசினார்கள். சமையலைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டால் வேறு எதைப் பேச வேண்டியிருக்கும் என்று இருவருக்குமே பயம்.

காக்கிமாவின் ஒரே மகன் தபன், கல்லூரியில் படித்தவன். அம்மாவின் உளுந்த வடைக்கு அடிமை. "மாஷிமா, அந்த ஓட்டை போட்ட பொரா இருக்கா?" என்று அம்மாவைப் பெரியம்மா முறை சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்து அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிடுவான். அவனும் பிசுவும் சின்ன வயதில் சந்தில் ஒன்றாகப் பந்தடித்தவர்கள். பிறகு தபன் ஒரு கட்சிக்குச் சுவரெழுத்து எழுதினான். பிசு அடுத்த கட்சிக்காரர்களோடு திரிந்தான். அவ்வளவுதான், ஒருவன் இருக்கும் பக்கத்து நடைபாதையில் மற்றவன் நடப்பதில்லை என்றாகிவிட்டது. அந்த ஐப்பசியில் பிசுவின் கூட்டாளி ஒருவனை ரயில் பாலத்துக்கு அடியில் யாரோ குத்திப்போட்டார்கள். அங்கே தபனும் இருந்தான் என்றார்கள். இல்லவே இல்லை என்றும் சொன்னார்கள். எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தீபாவளிக்கு முந்தின நாள், அந்த வருடம் அங்கே காளி பூஜைக்கும் முந்தின நாள். பகல் முழுக்க ஊரெங்கும் வெடிச்சத்தம். எது பட்டாசு, எது பேட்டோ என்று பிரித்துச் சொல்ல முடியாது. பொழுது சாயும் நேரம். அம்மா கரியடுப்பில் இருப்புச்சட்டி நிறையக் கடலையெண்ணெய் வைத்து, தேங்குழல் பிழிய உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் மாவை உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எண்ணெயில் நீலமாய்ப் புகை எழும்ப, "சூடு கொஞ்சம் கூடிட்டு, எறக்கணும்" என்று துணியைத் தேடினாள். அப்போதுதான் வீட்டின் பின்புறத்துச் சுழல் இரும்புப்படி தடதடவென்று அதிர்ந்தது. துப்புரவுத் தொழிலாளர்கள் வந்து போவதற்காகக் கட்டப்பட்ட படி அது. ஓர் ஆள்தான் ஏற முடியும். மேலே எங்கள் அடுக்களைக் கதவில் வந்து முடியும்.

கதவைத் தள்ளிக்கொண்டு தபன் வந்து விழுந்தான். தோளிலிருந்து முழங்கை வரை கிழிந்திருந்தது. சட்டை முழுதும் இரத்தம். அது சொட்டி, சலித்து வைத்திருந்த அரிசிமாவில் விழுந்து மாவு சிவந்தது. "மாஷிமா, அது நானில்லை, சத்தியமாக நானில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். "அத இப்ப யாருப்பா கேட்டா?" என்று அம்மா தமிழிலேயே சொல்லி, அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, கரி கொட்டி வைத்திருந்த மூலைக்குள் தள்ளினாள். கதவின் தாழ்ப்பாள் உடைந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. கீழே படிகள் மறுபடி அதிர்ந்தன.

அம்மா என்னையும் சங்கரனையும் முன்னறைக்குத் தள்ளினாள். நான் நிலைப்படியோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தேன். அவள் துணியைச் சுற்றி, இருப்புச்சட்டியின் இரண்டு காதுகளையும் பிடித்து, எண்ணெயோடு அப்படியே தூக்கிக்கொண்டு படியின் உச்சியில் போய் நின்றாள். முன்னால் ஏறி வந்தவன் பிசு. கையில் வளைந்த கத்தி. அவனுக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவன் தோளில் துணிப்பை.

"மாஷிமா, தள்ளிக்கோங்க. உங்களோட எங்களுக்குச் சண்டையில்லை" என்றான் பிசு வங்காளத்தில். அவன் குரல் உடைந்திருந்தது. அழுதிருப்பான் என்று தோன்றியது.

"ஆஷ்பே நா பிசு! கோரோம் தேல்!" என்று கத்தினாள் அம்மா. வராதே, சூடான எண்ணெய் என்று.

பிசு சட்டியைப் பார்த்தான். அதைப்போன்ற சட்டிக்கு முன்னால் தினமும் நிற்பவன்; புகையின் நிறத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். ஒரு படி பின்வாங்கியதுபோலத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் பின்னால் நின்றவன் கெட்ட வார்த்தை சொல்லி அவன் முதுகில் நெட்டித் தள்ள, பிசு கத்தியோடு மேலே வந்தான். அம்மா ஊற்றினாள்.

அந்த அலறலை நான் இங்கே எழுதப்போவதில்லை. வெந்த தோலின் வாடை பலகாரத்தின் வாசனைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை ஒரு குழந்தை தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, நான் தெரிந்துகொண்டேன். பிசு பின்னால் இருந்தவர்களையும் சேர்த்து உருட்டிக்கொண்டு சுழற்படியில் கீழே போனான். துணிப்பைக்காரன் முற்றத்திலிருந்து ஒரு பேட்டோவை மேலே விட்டெறிந்தான். அது தண்ணீர்த் தொட்டியில் பட்டு வெடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் உள்ளே கொட்டின. பிறகு, பிசுவை இழுத்துக்கொண்டு போகிற சத்தம். சந்தின் மறுகோடியில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள்.

அப்பா வந்ததும் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் நின்று, "ஏளா, என்ன காரியம் செஞ்சிருக்க? நாளைக்கு நம்ம பிள்ளைகள விடுவானுவளா?" என்று கத்தினார்.

"வேற என்ன செய்யச் சொல்லுதிய? சட்டிய எறக்கி வச்சுட்டு, வாங்கன்னு கூப்பிடணுமா?" என்றாள் அம்மா. அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் கொப்பளித்திருந்தன. அவ்வளவு பயந்த மனிதர்தான் தபனுக்குத் தம்முடைய கோட்டை மாட்டிவிட்டு, டாக்சியில் பக்கத்தில் உட்காரவைத்து, ஹூக்ளியைத் தாண்டி சாந்த்ராகாச்சியில் ரயில்வே குடியிருப்பில் இருந்த சிநேகிதர் வீட்டில் சேர்த்தார். அங்கே காயத்துக்குக் கட்டுப்போட்டு, மேற்கே போகும் ஏதோ வண்டியில் ஏற்றினார்கள். தபன் பிழைத்தான். சந்துக்கு மட்டும் அவன் திரும்பவே இல்லை.

மறுநாள் பலகாரம் இல்லாத தீபாவளி. மத்தியானம் கதவைத் தட்டினார்கள். அப்பா கையில் அம்மிக்குழவியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தார். பிசுவின் அம்மா தனியாக நின்றிருந்தார். தலைமுடி கலைந்து, சேலையில் மஞ்சள் மருந்துக் கறை. உள்ளே வந்து அம்மாவின் முன்னால் நின்றார். திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. மெல்ல இதைத்தான் கேட்டார்:

"எண்ணெய் புகைந்திருந்ததா?"

அம்மாவுக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டார். "புகைய ஆரம்பித்த எண்ணெய் எலும்புவரை போகும். மாவு போட்டிருந்தால் சூடு இறங்கியிருக்கும். கழுத்திலும் தோளிலும் வெந்திருக்கிறது. டாக்டர் எதுவும் சொல்லமாட்டேன் என்கிறார். நீங்கள் சொல்லுங்கள்."

"புகையலை தீதி" என்று அக்கா முறை வைத்துச் சொன்னாள் அம்மா. "மாவு போட்டிருந்தேன். ஆறித்தான் இருந்தது."

அந்தப் பெண்மணி நெடுமூச்சு விட்டுச் சுவரில் சாய்ந்தார். "அப்படியானால் பிழைத்துக்கொள்வான்" என்றார். பிறகு, "அவன் கையில் கத்தி இருந்ததா?" என்று கேட்டார். அம்மா தலையை மட்டும் அசைத்தாள். அவர் போன பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள். நீலப்புகையை நான் பார்த்தது அவளுக்குத் தெரியும். "நீ வாயத் தொறக்கக்கூடாது, என்னட்டி" என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் வெகுநேரம் அழுதாள்.

போலீஸ் வரும் என்று பல வாரங்கள் காத்திருந்தோம். வரவில்லை. பழிவாங்க யாராவது வருவார்கள் என்று நானும் சங்கரனும் பள்ளிக்குப் போகாமல் கிடந்தோம். அவர்களும் வரவில்லை. பிசுவைத் தள்ளியவன் மார்கழியில் வேறொரு சண்டையில் செத்தான், துணிப்பைக்காரன் ஊரைவிட்டே ஓடினான் என்றார்கள்.

கோடை தொடங்கியபோது தெருமுனையில் மறுபடி கடுகெண்ணெய் நெடி கிளம்பியது. பிசு திரும்பியிருந்தான். கழுத்தின் இடப்பக்கம் முழுவதும் சுருங்கி இழுத்து, தலை ஒருபுறம் சாய்ந்தே இருந்தது. இடக்கை முழுதாக நீளவில்லை. அம்மா சுற்றுவழியாகவே கடைவீதிக்குப் போய்வந்தாள். ஒருநாள் சாயங்காலம் எதுவும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கடைக்கு நடந்தாள். தெருத்தீனி தொடாதவள் வந்ததைப் பார்த்துக் கூட்டம் விலகியது. பிசுவின் அம்மா சீவுவதை நிறுத்தினார்.

"ஒரு பேகுனி" என்றாள் அம்மா.

பிசு நிமிர்ந்து பார்த்தான். வலக்கையால் ஒரு பேகுனியை அரித்தெடுத்து, எண்ணெய் வடியும்வரை நிதானமாகக் காத்திருந்து, தாளில் வைத்து நீட்டினான். "சூடாக இருக்கிறது, மாஷிமா. ஊதிச் சாப்பிடுங்கள்" என்றான்.

அம்மா அங்கேயே, எல்லோரும் பார்க்க, நின்றபடி தின்றாள். கண்ணில் நீர் வந்தது, மிளகாய் என்றாள். அதன்பின் அப்பாவுக்குச் சென்னைக்கு மாற்றலாகும்வரை, எங்கள் வீட்டில் "தெருத்தீனி" என்ற சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு திருமணத்துக்காகக் கல்கத்தா போனபோது, சால்ட் லேக்கில் தங்கியிருந்த உறவினரின் காரில் அந்தச் சந்துக்குப் போனேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியிருக்கிறது. குழாயடி இல்லை, இரும்புப்படி இல்லை. கடை இருந்த முனையில் கண்ணாடிக் கதவு போட்டு மோமோவும் சௌமீனும் விற்கிறார்கள். அப்பா, அம்மா, காக்கிமா யாருமே இன்று இல்லை. வாசலில் மண்குவளையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் பிசுவைப் பற்றிக் கேட்டேன்.

"பேகுனிக் கடைப் பிசுவா? அவன் போய்ச் சில வருடங்கள் ஆயிற்றே" என்றார். "கழுத்து வெந்தவன்தானே? பாவம், சின்ன வயதில் அவன் அம்மாவின் கைதவறிக் கடைச்சட்டி அவன்மேல் கவிழ்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில், போலீஸில், எல்லாரிடமும் அந்த அம்மாள் தலையிலடித்துக்கொண்டு சொல்லி அழுததை நானே என் காதால் கேட்டேன். சாகிறவரை அந்தப் பழியைச் சுமந்தாள்."

கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. கைபேசியைப் பார்த்தபடி இளைஞர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அந்த வாரங்களில் போலீஸ் ஏன் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. யாரிடமாவது இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது. இதைக் கேட்டிருக்க வேண்டியவள் அம்மா; அவள்தான் இல்லை.