முடிவைச் சொல்லிவிட்டுப் போங்கள்

பஸ்ஸில் பக்கத்து ஆள் படிக்கிற புத்தகத்தை நாமும் சேர்ந்து படிக்கக் கூடாதாம். வந்த புதிதில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில், எந்நேரமும் மீன்வாடை வீசுகிற சின்னத் துறைமுக ஊர் இது. என் கணவருக்குப் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. எனக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து மழையை மேற்பார்வை பார்க்கிற வேலை. ஒரு நாள் கடைக்குப் போகும்போது பக்கத்து இருக்கைக்காரர் ஒரு தடித்த நாவலைப் பிரித்து வைத்திருந்தார். நானும் தலையைச் சாய்த்து வாசித்துக்கொண்டே வந்தேன். ஒரு பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறாள், நல்ல கட்டம். அவர் பக்கத்தைத் திருப்பப் போனார். எனக்கு இன்னும் சில வரிகள் பாக்கி. "கொஞ்சம் பொறுங்கள்" என்று ஆங்கிலத்தில் மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், புத்தகத்தை மூடினார், மன்னிப்புக் கேட்டார், எழுந்து பின் இருக்கைக்குப் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு ரயில் கிடைத்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸில் இப்படி நடக்குமா? அங்கே ஒரு மாத நாவலை மூன்று பேர் படிப்போம். நடுவில் உட்கார்ந்திருப்பவர் காசு கொடுத்தவர், இரண்டு பக்கமும் இருப்பவர்கள் பங்காளிகள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பவர் நான்காவது வாசகர். "இருங்கண்ணே, திருப்பிராதீக, நான் இன்னும் பாதிதான் வந்திருக்கேன்" என்று அவர் மேலேயிருந்து சொன்னால், காசு கொடுத்தவர் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். வீரபாண்டியில் இறங்க வேண்டியவர், "அண்ணே, தாசில்தார் மகனக் கொன்னது யாருன்னு மட்டும் சொல்லிருங்க" என்று கேட்டுவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். பதில் வரும்வரை கண்டக்டர் விசில் ஊதமாட்டார். அவருக்கும் தெரிய வேண்டும் அல்லவா.

எங்கள் ஊர் உத்தமபாளையம். தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் படித்த நாவல்கள் எல்லாம் காசி அண்ணனின் வாடகை சைக்கிள் கடையிலிருந்து வந்தவைதான். முன்னால் சைக்கிள், பின்னால் நாவல், இரண்டும் வாடகைக்கு. இரண்டிலுமே உதிரி பாகங்கள் குறைவாக இருக்கும். நாவலில் முதலில் அட்டை போகும், அடுத்து கடைசிப் பக்கங்கள் போகும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறிப் போகிற நாவல், கடைசி அத்தியாயத்தை மலையிலேயே விட்டுவிட்டு நனைந்து இறங்கி வரும். செயினைத் தொட்ட கையைக் காசி அண்ணன் எதில் துடைக்கிறார் என்று ஊரில் ஒரு சந்தேகமும் இருந்தது. அவர் அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே கடையில் ஒரு சட்டம் இருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர், அடுத்து எடுக்கிறவருக்கு முடிவைச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். கடைசிப் பக்கமே இல்லாத புத்தகத்தின் முடிவு அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவருக்கு முன்னால் படித்தவர் சொல்லியிருப்பார். "ஏத்தா, முடிவச் சொல்லிட்டுப் போ. இல்லாட்டி வாரவுக எல்லாம் என்னையப் பிடிச்சு உலுக்குறாக" என்பார் காசி அண்ணன்.

முடிவு தெரியாமல் எங்கள் ஊரில் யாரும் நாவலைத் தொடமாட்டார்கள். "நல்ல முடிவுதானா?" என்பதுதான் முதல் கேள்வி. அழுவதற்கு வீட்டிலேயே எல்லா வசதியும் இருக்கும்போது வாடகை கொடுத்து எதற்கு அழ வேண்டும்? இந்த விஷயத்தில் பேர்போனவர் ராபியா மாமி, என் அத்தாவின், அதாவது அப்பாவின், தங்கை. அடுப்பில் கறி கொதிக்கும்போதே ஒரு நாவலை முடிப்பார். முடிவு பிடிக்கவில்லையென்றால் திருத்திச் சொல்லுவார். காசநோயில் செத்த கதாநாயகி மாமி வாயால் குணமாகி இரண்டு பிள்ளை பெற்றாள். ஓடிப்போன மாப்பிள்ளை திரும்பி வந்து காலில் விழுந்தான். "அது எப்படி மாமி, எழுதுனவுக அப்படி எழுதலையே?" என்று நான் ஒரு தடவை கேட்டுவிட்டேன். "அவுக கையில பேனா இருக்குன்னு கொன்னுபுட்டாக. நமக்கு வாய் இருக்குல்ல?" என்றார். அந்த நாவலுக்கு எங்கள் தெருவில் ஒரு முடிவு, காய்கறிச் சந்தைப் பக்கம் ஒரு முடிவு, கம்பத்தில் இன்னொன்று என்று சில மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தப் பயிற்சியோடுதான் நான் ஸ்காட்லாந்துக்கு வந்து சேர்ந்தேன். முதல் வருடம் ஒரு வீட்டுக் கதவும் எனக்குத் திறக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நினைத்த நேரத்தில் நாலு வீட்டு அடுப்படிக்குள் புகுந்து சட்டியைத் திறந்து பார்த்து வளர்ந்தவளுக்கு இது என்ன பாடு என்று ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அப்படி இருக்கும்போது ஒரு நாள் பக்கத்து வீட்டு மார்கரெட் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நம் ஊரில் "என்ன கொழம்பு?" என்று கேட்பதைப் போல இங்கே இது ஒரு கேள்வி. நான் உண்மையாகவே பதில் சொல்லத் தொடங்கி, அரை மணி நேரம் நனைந்தபடி பேசியதில் மார்கரெட் அசந்துபோனார். மாதம் ஒரு முறை அவர் வீட்டில் வாசகர் வட்டம் கூடுமாம். யார் என்ன படிக்கிறார்கள் என்று சொல்லுவார்களாம், ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்வார்களாம், ஒரு புத்தகத்தை எல்லோரும் சேர்ந்து படிப்பார்களாம். "நீங்களும் வாருங்களேன்" என்றார். எனக்கு நோன்புப் பெருநாள் முன்கூட்டியே வந்த மாதிரி இருந்தது.

அந்த மாதத்துக்கு ஒரு துப்பறியும் நாவல். பாதிவரை படித்துவிட்டு வரச் சொன்னார்கள். பாதியில் நிறுத்துவது எனக்குத் தும்மலைப் பாதியில் நிறுத்துகிற மாதிரி. முழுவதையும் முடித்துவிட்டு, நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு, தட்டு நிறைய சமோசாவோடு போனேன். இயன் என்று ஒரு பெரியவர், தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், புத்தகத்தின் நடுவில் அழகாக ஒரு ரிப்பன் வைத்திருந்தார். யார் கொன்றிருப்பார்கள் என்று ஆளாளுக்குத் தயங்கித் தயங்கிப் பேசினார்கள். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை பேர் தவிக்கும்போது தெரிந்தவள் சும்மா இருப்பது மரியாதையா? "கவலைப்படாதீர்கள். கொன்றது பியானோ டீச்சர்" என்றேன்.

ஒருவர் கையிலெடுத்த சமோசாவைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, விஷத்தை அவள் எங்கே ஒளித்து வைத்திருந்தாள், ஏன் கொன்றாள், எந்தப் பக்கத்தில் பிடிபடுகிறாள் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். இயன் ரிப்பனை மெதுவாக உருவி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "தேங்க் யூ" என்றார் மார்கரெட். ஒவ்வொருவராக எல்லோரும் "தேங்க் யூ" என்றார்கள். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் கையை நிறுத்தினார். "எத்தன பேரு தேங்க் யூ சொன்னாக?"

"எல்லாருமே சொன்னாக."

"அப்ப முடிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. அடுத்த மாதம் எனக்கு அழைப்பு வரவில்லை. மார்கரெட் வீட்டு வாசலில் குடைகளை உதறிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போவதை ஜன்னல் வழியே பார்த்தேன். திறந்த ஒரே கதவும் சாத்திக்கொண்டது. அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன். போன் கார்டைச் சுரண்டி ராபியா மாமிக்கு அடித்தேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "முடிவு தெரியாமயா அம்புட்டுப் பேரும் படிக்கிறாக?" என்று அதிசயப்பட்டார். பிறகு, "அது சரி, அந்த பியானோக்காரி எதுக்குக் கொன்னா?" என்று கேட்டார். கார்டு தீரும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அழைப்பு வராததைப் பற்றி அவர் ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ஆனால் நனைந்த புத்தகத்துக்கு எந்த நாடாக இருந்தால் என்ன? இந்த ஊர்க்காரர்கள் குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, அதற்குள் படுத்துக்கொண்டு நாவல் படிப்பார்கள். சத்தியமாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தால் மார்கரெட். கையில் ஒரு நாவல், வெந்நீரில் விழுந்து ஹீட்டரில் காய்ந்து, கடைசிப் பக்கங்கள் எல்லாம் ஊறிப்போன அப்பளமாக ஒட்டிக்கொண்டிருந்தன. அன்று சாயங்காலம் வட்டம் கூடுகிறது, நூலகத்தில் வேறு பிரதி இல்லை. "நீங்கள் இதைப் படித்திருப்பீர்களோ என்று..." என்று இழுத்தார். முகம் சிவந்திருந்தது. படித்திருந்தேன். அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று வேவு பார்த்து, கூப்பிடாவிட்டாலும் அதையே எடுத்துப் படிக்கிற ரோஷம் எனக்கு இருந்தது.

அது ஒரு மீனவனின் மனைவி கதை. சொல்லாமல் போன புருஷன் பல வருடம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கவில்லை. அவ்வளவுதான் முடிவு. மார்கரெட்டை அடுப்படியில் உட்காரவைத்து, இஞ்சி டீயும் வெங்காய வடையும் கொடுத்து, கதையைத் தொடங்கினேன். கதவு தட்டும் இடம் வந்தது. எனக்கு எதிரே, ஒரு வருடம் சாத்திக் கிடந்த கதவுக்காரி, என் வடையைத் தின்றுகொண்டிருந்தாள். அந்த முடிவைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராபியா மாமி வாய்தான் வந்தது. அவள் கதவைத் திறந்தாள் என்றேன். திறந்து, ஊர் கேட்கிற மாதிரி அவனை வைது தீர்த்தாள். வைதுகொண்டே சோற்றைப் போட்டாள். அவன் தின்னத் தின்ன வைதாள். பொழுது விடிந்தது. மார்கரெட் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். "என்ன அற்புதமான முடிவு!" என்றார்.

சாயங்காலம் அவர் வீட்டில் நடந்ததை இயன் எனக்குப் பிறகு சொன்னார். கதாநாயகி கதவைத் திறக்காமலிருந்தது சரியா என்று விவாதம். மார்கரெட் எழுந்து, அவள் திறந்தாள், வைதாள், சோறு போட்டாள் என்று சாதித்திருக்கிறார். எல்லோரும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்களாம். நாவல் நடக்கிற கடற்கரையில் சோறு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்ட பிறகுதான் எல்லோருக்கும் என் ஞாபகம் வந்ததாம். மறுநாள் இயன் வந்து கதவைத் தட்டினார். என் வாய்க்குப் பூட்டு போடப் போகிறார்கள், கையோடு நூலக அட்டையையும் பிடுங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். "அந்த முடிவை எங்களுக்கும் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஓர் ஒப்பந்தம். எல்லோரும் முடிக்கும்வரை நான் சமோசாவோடு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். முடித்த பிறகு உத்தமபாளையம் முடிவைச் சொல்ல வேண்டும். பியானோ டீச்சரைக்கூட ஒரு மாதம் மன்னித்துவிட்டோம்.

வாயை மூடக் கற்றுக்கொண்டதுதான் வினையாகப் போயிற்று. 2009 கோடையில் ஊருக்குப் போனேன். காசி அண்ணன் கடையில் சைக்கிளும் இல்லை, நாவலும் இல்லை. செல்போனுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார். ராபியா மாமி வெங்காயம் உரித்தபடி, "இப்ப என்ன படிக்கிற? சொல்லு" என்றார். எனக்குப் பிடித்த ஒரு நாவலை நடித்தே காட்டினேன். கடைசி இடத்துக்கு வந்ததும் தானாக நின்றுவிட்டேன். "மிச்சத்தச் சொன்னா ருசி போயிரும் மாமி."

மாமி உரிப்பதை நிறுத்தினார். "ஏத்தா, சோத்தப் போட்டுட்டு கொழம்ப ஊத்தாம எந்திரிச்சுப் போறவளா நீ?" என்றார். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். "அங்கன போயி கஞ்சத்தனத்தப் படிச்சுட்டு வந்திருக்கா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் புகார் சொன்னார். நான் பதறிப்போய்ச் சொல்ல வந்தபோது கையை நீட்டித் தடுத்துவிட்டார். அவராகவே ஒரு முடிவு கட்டி, பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க ஓட்டிவிட்டார். என்னிடம் இருந்த முடிவை யாரும் கேட்கவே இல்லை. ஸ்காட்லாந்தில் வாயைத் திறந்து கெட்டேன், ஊரில் மூடிக் கெட்டேன்.

திரும்பி வரும் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் நாவல் படித்துக்கொண்டிருந்தார். எந்த நாட்டுக்காரர் என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. எட்டிப் பார்த்தேன். அதே மீனவன் மனைவி கதை, கடைசி அத்தியாயம். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் புத்தகத்தை என் பக்கம் லேசாகச் சாய்த்து, பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் தலையாட்டியதும் திருப்பினார். கதவு தட்டும் இடம் வந்ததும் நிறுத்தி, "நீங்கள் படித்திருக்கிறீர்களா? நல்லபடியாக முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். முன்னாலிருந்த திரையைப் பார்த்தேன். கீழே எந்த ஊர் என்று தெரிந்தால் அந்த ஊர் வழக்கப்படி பதில் சொல்லிவிடலாம். திரையில் நீலக் கடல் மட்டும் இருந்தது, அதன் நடுவில் பொம்மை விமானம் ஒன்று நகராமல் நின்றது.

"உங்களுக்கு எந்த முடிவு வேண்டும்?" என்று கேட்டேன்.