கழற்ற முடியாத இருக்கை

சில வருடங்களுக்கு முன்பு, இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், மழை தொடங்குகிற கார்த்திகை மாதத்தில் நடந்தது இது. லிபெர்த்தா வீதியில் ஒரு வயோதிபரைப் பார்த்துக்கொண்டு அவர் வீட்டிலேயே தங்கியிருந்தேன். அவர் இறந்துபோனார். அவரோடு என் வேலையும் படுக்கையும் போயின. மகள் வீட்டைப் பூட்டினாள். அவளில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, முதலில் வந்த பஸ்ஸில் ஏறி, நகரத்தின் மறுபக்கத்தில், பிரான்காச்சோவில் இறங்கினேன்.

அங்கே பழைய வாகனங்களைக் கழற்றி உதிரிப்பாகம் விற்கிற ஒரு கராஜ் இருந்தது. வாசலில் நின்று வேலை கேட்டேன். ஒரு காருக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்கள்தான் கேட்டன.

"தமிழோ?"

"ஓம் அண்ணை."

"ஸ்பானர் பிடிப்பியோ, இல்லாட்டி கரண்டி மட்டுமோ?"

முதலாளி சிசிலிக்காரர். ஒரு காரைக் கழற்றி முடியும்வரைக்கும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். நீளமான, பழைய அமெரிக்க ஸ்டேஷன் வாகன் அது. இளவயதில் அமெரிக்கா போன யாரோ, ஊர் திரும்பும்போது கப்பலில் ஏற்றி வந்ததாம். மரப்பலகை போலப் பக்கங்களில் ஒட்டியிருந்த தாள் வெயிலில் உரிந்து தொங்கியது. கடைசி இருக்கை பின்பக்கம் பார்த்தபடி இருந்தது. அதில் உட்கார்ந்தால் போகிற இடம் தெரியாது, விட்டுவந்த இடம்தான் தெரியும்.

அன்று வேலை முடிந்ததும், காருக்கு அடியில் கிடந்த அந்த மெக்கானிக் அண்ணையிடம் தங்க இடம் கேட்டேன்.

"நாலு பேர் ஒரு அறைக்கை. மூச்சு விடவே முறை வைச்சிருக்கிறம்," என்றார். பிறகு நாடியை உயர்த்தி அந்தக் காரைக் காட்டினார். "அதின்ரை கதவு பூட்டாது."

முதலாளிக்குத் தெரியாமல் நடு இருக்கையில் படுத்தேன். நல்ல நீளம். கால் நீட்டலாம்.

கழற்றுகிற வேலையில் முதலில் எடுப்பது இருக்கைகளைத்தான். உள்ளே இடம் வந்தால்தான் மற்றதெல்லாம் சுலபம். வடக்கு இத்தாலியில் ஒருவர் அந்த இருக்கைகளைக் கேட்டு வைத்துமிருந்தார். ஆனால் அண்ணை முன்பக்கத்திலிருந்து தொடங்கினார். சீற் போல்ட்டெல்லாம் துரு, எண்ணெய் விட்டு ஊறப்போட்டிருக்கிறேன் என்று முதலாளிக்குச் சொன்னார். இருக்கைகளுக்கு மேலால் வளைந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, காரைச் செய்த அமெரிக்கனைத் திட்டியபடி டாஷ்போர்டைக் கழற்றினார்.

எஞ்சின் போன பிறகு அந்தக் கார் வேறு மாதிரி ஆகிவிட்டது. கம்பிகளும் குழாய்களும் இருந்த ஓட்டைகளால் விடியல் உள்ளே வரும். வட்டமும் நீளமுமாக வெளிச்சத் துண்டுகள் என் போர்வையில் மெல்ல நகரும். அரைத்தூக்கத்தில் கார் ஓடுவதுபோல இருக்கும். மழை பெய்தால் கூரைக்கு மேலே கடல். எழும்பிப் போய்ப் பின்னுக்குப் பார்க்கிற இருக்கையில் உட்கார்ந்து, மாடிகளில் காயும் உடுப்புகள் என்னை விட்டு விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் ஏறிய எந்த வாகனமும் என்னை அவ்வளவு தூரம் கொண்டுபோனதில்லை.

பிறகு முதலாளி பொறுமை இழந்தார். வடக்கத்தி ஆள் போனில் கத்துகிறாராம். நாளைக்கும் இருக்கை வரவில்லை என்றால் காரின் தரையோடு வெட்டி எடுக்கப்போவதாகவும், ஒரு போல்ட் கழற்றத் தெரியாத மெக்கானிக் தனக்கு எதற்கு என்றும் அண்ணையைப் பார்த்துச் சொன்னார். அண்ணை தலையாட்டிவிட்டு, மத்தியானத்துக்குப் பாண் வாங்கப் போனார்.

அவருக்கு உதவலாம் என்று ஸ்பானரை எடுத்து இருக்கைக்கு அடியில் போட்டேன். பலம் எல்லாம் சேர்த்து இழுத்தேன். போல்ட் விறைப்பே இல்லாமல் சுழன்றது. மிச்சத்தை விரலாலேயே கழற்றினேன். புதுக் கிறீஸ் மினுங்கியது. அடுத்ததும் அப்படித்தான். எதிலும் துரு இல்லை.

கொஞ்ச நேரம் அங்கேயே படுத்துக் கிடந்தேன். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, இருக்கைகளை வெளியே இழுத்து வைத்தேன்.

பாணோடு வந்த அண்ணை அப்படியே நின்றார். "என்னடா செய்தனி?"

"துரு விட்டிட்டுது அண்ணை."

"மடையா. இண்டைக்கு எங்கை படுப்பாய்?"

"பாப்பம்."

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். குனிந்து ஒரு போல்ட்டை எடுத்தார். விரலில் ஒட்டிய கிறீஸைப் பார்த்தார். காருக்குள் சுருட்டி வைத்திருந்த என் போர்வையைப் பார்த்தார். அண்ணை பாணைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வேலை அந்தப் போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ருஜ்ஜினே," என்றார் முதலாளி. துரு. "பொல்லாத துரு." போல்ட்டைத் தன் சட்டையில் நன்றாகத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பின்னுக்குப் பார்க்கிற இருக்கை கிழிந்திருந்ததால் அது வேண்டாம் என்று வடக்கத்தி ஆள் சொல்லிவிட்டார். பின்னேரம் அதை நானும் அண்ணையும் ஆளுக்கொரு பக்கம் தலையில் தாங்கிக்கொண்டு தெருவால் நடந்தோம்.

"எங்கை அண்ணை போறம்?"

"மற்றவங்களோடை கதைச்சிட்டன். மூச்சு விடுற முறையிலை உன்ரை பேரையும் போட்டாச்சு. குசினிக்கைதான், அடுப்புக்குப் பக்கத்திலை. காலை மடக்கிப் படு."

அதற்குப் பிறகு பல ஊர் மாறிவிட்டேன். ஆனால் இப்போதும், துருவால் ஒரு வேலை இழுபடுகிறது என்று யாராவது சொன்னால், அதற்குப் பின்னால் ஒருவன் கால் நீட்டிப் படுத்திருக்கிறானோ என்று எட்டிப் பார்க்காமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை.