அக்கரைப் பாறையில் என் தம்பி

சென்ற ஆண்டு சித்திரை வருடப்பிறப்பு கழிந்த வாரம் நடந்தது இது. ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீடு. கத்தாரில் வேலை செய்யும் என் தம்பி மூன்று வருடங்களுக்குப் பிறகு லீவில் வந்திருந்தான். திரும்பிப் போவதற்குள் எல்லோரையும் ஒரு நாள் வேனில் எங்காவது கூட்டிப் போக வேண்டும் என்பது அவன் ஆசை.

எங்கே போவது என்பதில்தான் இழுபறி. என் பெரிய மகள் பின்னவலைக்குப் போய் யானை பார்க்கலாம் என்றாள். தம்பியின் மனைவிக்குக் கதிர்காமம். என் கணவருக்குக் கடல். கதிர்காமம் ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாத தூரம். கடலென்றால் கைப்பிள்ளையோடு வெயிலில் கஷ்டம். இப்படி ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருந்தபோது தம்பி போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். எஹலியகொடையைத் தாண்டி மலைக்குள் ஒரு நீர்வீழ்ச்சி. கீழே கண்ணாடி மாதிரி தண்ணீர்.

"மூணு வருசமா மணலையே பாத்துட்டு வந்திருக்கேன் அக்கா. ஒரு நாளு தண்ணியில கெடக்கணும்போல இருக்கு" என்றான். அதற்குப் பிறகு வேறு இடத்தை யாரும் பேசவில்லை.

காலையில் சோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம். வேன் போகும் பாதை ஒரு சின்னக் கடையோடு முடிந்தது. அங்கிருந்து நீர்வீழ்ச்சிக்கு ரப்பர் மரங்களுக்குள் ஏறி நடக்க வேண்டும். சின்ன மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கடைக்கு முன்னால் கிடந்த வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்துகொண்டேன். மற்ற நாலு பேரும் மேலே போனார்கள்.

நல்ல வெயில். ஆனால் மலை உச்சி மட்டும் கறுத்திருந்தது. கடைக்குப் பக்கத்தில் ஓடிய ஓடையை நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதில் காய்ந்த இலையும் சுள்ளியுமாக வர ஆரம்பித்தது. தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி நிறம் மாறியது. எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. கடைக்காரப் பெண், ஒரு சிங்கள அம்மா, வெளியே வந்து ஓடையைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார்.

"நங்கி, உங்க ஆளுங்க மேலேயா?" என்று என்னைத் தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றதும் உள்ளே திரும்பி, "வதுர எனவா" என்று கத்தினார். தண்ணீர் வருகிறது, மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்குகிறது என்று அர்த்தம். பின்பக்கம் ரப்பர் பால் ஊற்றிக்கொண்டிருந்த அவர் கணவர், வாளியை அப்படியே வைத்துவிட்டுக் குறுக்குப் பாதையில் ஓடினார்.

கணவருக்குப் போன் போட்டேன். சிக்னல் இல்லை. தம்பிக்கும் கிடைக்கவில்லை. மேலே ஓட வேண்டும், ஆனால் பிள்ளையை என்ன செய்வது? அந்த அம்மா எதுவும் கேட்காமல் இரண்டு கையையும் நீட்டினார். அரைமணி நேரம்கூடப் பழகாதவரிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

பாதி வழியில் மழை கொட்டியது. அருவியின் சத்தம் வேறு மாதிரி இருந்தது, பாறைகள் உருளுகிற சத்தம். போய்ச் சேர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது மகள்தான். குளிருகிறது என்று முன்பே கரையேறியிருக்கிறாள். அவள் அப்பாவின் சட்டைக்குள் ஒடுங்கி நின்றாள். தம்பி மனைவியும் கரையில் இருந்தாள். தம்பியைக் காணவில்லை.

"மதினி, அங்க பாருங்க" என்று அவள் கையைக் காட்டினாள். வீடியோ எடுப்பதற்காக அக்கரைக்குப் போன தம்பி அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு உயரமான பாறை மேல் நின்றான். நடுவில் செம்மண் நிறத்தில் தண்ணீர் பாய்ந்தது. வீடியோவில் பார்த்த கண்ணாடிக் குளம் இருந்த இடமே தெரியவில்லை.

தம்பி நன்றாக நீந்துவான். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. குதித்து வந்துவிடலாம் என்று அவன் கணக்குப் போடுவது இங்கிருந்தே தெரிந்தது. ஒரு காலைத் தண்ணீரில் வைத்தான். கடைக்கார ஐயா இரண்டு கையையும் தூக்கி, "எபா, எபா" என்று கத்தினார். வேண்டாம் என்று. தண்ணீர்ச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது, ஆனால் கை தெரிந்தது. காலை எடுத்துக்கொண்டான்.

"மரம் அடிச்சிட்டு வருது மகளே, நீந்தத் தெரிஞ்சாலும் பிரயோசனமில்ல. அந்தப் பாறைக்கு மேல தண்ணி ஏறுனத நான் பாத்ததில்ல. அவரு அங்கயே இருக்கட்டும்" என்று அவர் உடைந்த தமிழில் தம்பி மனைவியிடம் சொன்னார். பிறகு அவனுக்கு நேர் எதிரே, அவன் பார்க்கும்படி, மழையிலேயே உட்கார்ந்தார். தம்பி எழும்பும்போதெல்லாம் இவர் கையைக் காட்டி உட்கார வைத்தார். நாங்களும் உட்கார்ந்தோம். தம்பி மனைவி என் கையை விடவே இல்லை. தண்ணீர் பாறையின் பாதி வரை ஏறியது. அதைத் தாண்டிவிடுமோ என்று ஒவ்வொரு அலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை விட்டும் உடனே வடியவில்லை. பொழுது சாயும் நேரத்தில்தான் கற்கள் வெளியே தெரிந்தன. அப்போதும் அவரே முதலில் இறங்கி, கம்பால் ஆழம் பார்த்துப் போய், தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். கரையேறிய தம்பி என் பெரிய மகளைத் தூக்கிக்கொண்டு அழுதான்.

கீழே வந்தால் சின்ன மகள் அந்த அம்மாவின் இடுப்பில் இருந்துகொண்டு கொக்கிஸ் தின்றுகொண்டிருந்தாள். வருடப்பிறப்புக்குச் சுட்ட பலகாரம் அது. நனைந்து நின்ற எங்களுக்கு இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்கள். எதற்கும் காசு வாங்கவில்லை.

எங்கள் தோட்டத்து ஆற்றைப் பார்க்கவும் இப்போது லீவு நாட்களில் வெளியூர் ஆட்கள் வேனில் வருகிறார்கள். வழி கேட்டால் முன்பெல்லாம் கையைக் காட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன், இப்போது அவர்கள் எல்லோரும் திரும்பி வந்து வேனில் ஏறும்வரை எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்வதில்லை.